கம்பெனி சர்வீஸா, சொந்தக் கையா? லாரி ஓனர் முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

என்னிடம் இரண்டு வண்டிகள். ஒன்று 2013 மாடல், ஈரோடு, சேலம், கரூர் என்று நாலு மாவட்டத்துக்குள் ஓடுகிறது. இன்னொன்று 2021 மாடல் பத்துச் சக்கரம், நேஷனல் பர்மிட், வடக்கே போனால் வீடு திரும்ப மூன்று வாரம் ஆகும். பழைய வண்டி ஷோரூம் வாசலை மிதித்துப் பல வருடம் ஆகிவிட்டது. புதிய வண்டியைச் சில வேலைகளுக்கு ஷோரூம் தவிர வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன். இதைச் சொன்னால் சங்ககிரிப் பக்கத்து ஓனர்கள் சிரிப்பார்கள்: "ஒண்ணு கம்பெனியை நம்பு, இல்லைன்னா உன் மெக்கானிக்கை நம்பு, ரெண்டுங்கெட்டானா இருக்காதே." எனக்கு அந்த ரெண்டுங்கெட்டான்தான் சரியாக வருகிறது. முழு வண்டியையும் இங்கே விடுவதா அங்கே விடுவதா என்று யோசிக்கிறவர்கள் கேள்வியையே கொஞ்சம் பெரிதாகக் கேட்கிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் தனியாகக் கேட்டால் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும்.

முதல் படி: உங்கள் வண்டி எந்தத் தலைமுறை?

ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். நாடு முழுக்க பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் எனும் புகைக் கட்டுப்பாட்டு விதியின் நான்காம் நிலை) கட்டாயமானது 2017 ஏப்ரல் 1. பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரல் 1. உங்கள் வண்டி பி.எஸ்.3 என்றால், டீசல் பம்பு முதல் கிளட்ச் வரை நம்மூர்ப் பட்டறையில் தெரியாத வேலை கிடையாது. அதற்கு ஷோரூம் தேடிப் போவது பெரும்பாலும் காசுக்குக் கேடு. பி.எஸ்.4-இல் கம்பெனிக்குக் கம்பெனி அமைப்பு வேறு. சிலவற்றில் டி.இ.எஃப். (புகையைச் சுத்தம் செய்யும் யூரியாக் கரைசல்) டேங்க் உண்டு, சிலவற்றில் இல்லை.

பி.எஸ்.6 வண்டியின் கதை தனி. எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் கொடுக்கும் பொதுக் குழாயான காமன் ரெயிலில் டீசல் அழுத்தம் ஆயிரத்து ஐந்நூறு பாருக்கு மேல் போகும். சைலன்ஸர் இருந்த இடத்தில் இப்போது புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும், யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் எஸ்.சி.ஆர். அமைப்பும் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றில் கோளாறு வந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும், எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. தானாகவே இழுவையைக் குறைத்துவிடும். லோடோடு தொப்பூர் கணவாயில் ஏறும்போது அந்த விளக்கு எரிந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது படி: வாரண்டிப் புத்தகத்தைப் படியுங்கள்

பிரித்தே பார்க்காத புத்தகம் எல்லா வண்டியின் டேஷ்போர்டிலும் ஒன்று இருக்கும். அதில் மூன்று விஷயங்களை மட்டும் தேடுங்கள். எந்தப் பாகத்துக்கு எத்தனை வருடம் அல்லது எத்தனை கிலோமீட்டர் வாரண்டி? எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சிலுக்கு ஒரு கணக்கும் மின்சார, ரப்பர் பாகங்களுக்கு வேறு கணக்கும் இருப்பது வழக்கம். எந்தச் சர்வீஸைக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது? எந்த ஆயில், எந்த கிரேடு?

வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை எஞ்சின் ஆயில், ஃபில்டர், கியர் ஆயில், கிரௌன் (டிஃபரென்ஷியல்) ஆயில் ஆகியவற்றைக் கம்பெனியிலேயே மாற்றுங்கள், பில்லை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். ஒரு சர்வீஸில் சில ஆயிரம் மிச்சம் பிடித்து, பிறகு டர்போ போய், "ஆயில் மாற்றியதற்கு ஆதாரம் எங்கே?" என்ற கேள்விக்கு முழிப்பதில் அர்த்தமில்லை. கிரீஸ் அடிப்பது, காற்றழுத்தம் பார்ப்பது, டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரில் தண்ணீர் இறக்குவது போன்றவற்றால் வாரண்டிக்கு ஒன்றும் ஆகாது. அவற்றை முதல் நாளிலிருந்தே நீங்களே செய்யலாம், செய்யத்தான் வேண்டும்.

வண்டி வாங்கும்போதே வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால், அதில் எது அடங்கும் எது அடங்காது என்பதை எழுத்தில் கேளுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பல்பு போன்ற தேய்மானச் சாமான்கள் பல ஒப்பந்தங்களில் வெளியே நிற்கும். விற்பவர் வாயால் சொல்வது ஒர்க்‌ஷாப் கவுண்டரில் செல்லாது.

மூன்றாவது படி: பில்லோடு ஹால்ட்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். ஷோரூம் பில் முப்பதாயிரம், வெளியே செய்தால் இருபதாயிரம், ஆகவே பத்தாயிரம் லாபம் என்று முடித்துவிடுகிறோம். வண்டி நிற்கும் நாளுக்கும் விலை உண்டு.

கணக்கு புரிவதற்காக ஒரு உதாரணம். மாத டியூ அறுபதாயிரம் என்றால் ஒரு நாளுக்கு இரண்டாயிரம். இன்சூரன்ஸ், வரி, பர்மிட் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஐந்நூறு வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் பேட்டா ஆயிரம். அந்த நாளில் கிடைத்திருக்க வேண்டிய மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆக ஒரு நாள் ஹால்ட் ஆறாயிரம் ரூபாய். ஷோரூமில் இரண்டு நாள் நின்று, சொந்த இடத்தில் அரை நாளில் முடியும் வேலையானால், ஒன்றரை நாள் வித்தியாசமே ஒன்பதாயிரம். பில்லில் மிச்சமாகும் பத்தாயிரத்துக்கு ஏறக்குறைய சமம். அதே ஷோரூம் இரவில் எடுத்துக் காலையில் கொடுத்துவிட்டால் இந்த ஹால்ட் கணக்கு ஷோரூம் பக்கம் திரும்பிவிடும். இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் டியூவும் உங்கள் வாடகையும் உங்களுக்குத்தான் தெரியும்.

இன்னும் இரண்டு செலவுகள் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். ஒன்று, ஒர்க்‌ஷாப் வரை காலியாக ஓட்டிப் போய் வரும் டீசல். மற்றது ஜி.எஸ்.டி. வாடகைக்கு ஐந்து சதவீத வழியில் இருப்பவர், அல்லது சரக்கு அனுப்புபவரே வரி கட்டும் முறையில் இருப்பவர், சர்வீஸ் பில்லில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அவருக்கு அது முழுச் செலவு. உள்ளீட்டு வரி எடுப்பவருக்கோ பில் உள்ள ஷோரூம் வேலை, பில் இல்லாத பட்டறை வேலையை விடச் சில சமயம் மலிவாகவே முடியும். உங்கள் ஆடிட்டரிடம் ஐந்து நிமிடம் பேசினால் தெளிவாகிவிடும்.

வண்டி ஓடும் வழியையும் இதில் சேருங்கள். உள்ளூர் வண்டி நின்றால் உங்கள் மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் பைக்கில் வந்துவிடுவார். நாக்பூரைத் தாண்டி நின்றால் யார் வருவார்? அந்த ஊரில் இருக்கும் கம்பெனி ஒர்க்‌ஷாப்புதான். அங்கே உங்கள் வண்டி எண்ணைத் தட்டினால் பழைய சர்வீஸ் விவரம் திரையில் வர வேண்டும். மாடல் வருடத்தை விட ஓடும் வழிதான் என் முடிவை அதிகம் மாற்றியிருக்கிறது.

நான்காவது படி: வேலைகளைப் பிரியுங்கள்

ஒவ்வொரு வேலைக்கும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதைத் தப்பாகச் செய்தால் எவ்வளவு போகும்? கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் ஒன்றில் கிரீஸ் ஏறாமல் போனால் அடுத்த வாரம் ஏற்றிக்கொள்ளலாம். இன்ஜெக்டர் பைப்பில் ஒரு துளி மண் போனால் லட்சத்தில் பேச வேண்டும்.

சொந்தக் கையில்: தினசரிப் பார்வை, கிரீஸ், ஏர் ஃபில்டர், வாட்டர் செப்பரேட்டர், கூலன்ட் அளவு, பேட்டரி, பெல்ட், டயர் காற்று, நட்டு இறுக்கம், விளக்குகள். வாரண்டி முடிந்த பிறகு எஞ்சின் ஆயிலும் ஃபில்டர்களும்.

கைதேர்ந்த பட்டறையில்: பிரேக் லைனிங், ஹப் கிரீஸ், ஸ்பிரிங் பிளேட், கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு), யு.ஜே. கிராஸ் (புரொப்பெல்லர் ஷாஃப்ட் இணைப்பு), கிளட்ச், வீல் அலைன்மென்ட். இவற்றுக்கு நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் இருக்கும் கைகளுக்கு ஈடு இல்லை. பாடி கட்டுவதிலும் ரிக் (போர்வெல்) வண்டியிலும் பழகிய ஊர்கள் அல்லவா. ஷோரூமில் புதிதாகச் சேர்ந்த பையனை விட, முப்பது வருடமாகப் பிளேட் வேலை மட்டுமே பார்க்கும் ஒருவரை நான் நம்புவேன்.

ஷோரூமில்: ஸ்கேனர் (இ.சி.யூ.வில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) போட வேண்டிய எதுவும். இன்ஜெக்டர், ஹை பிரஷர் பம்பு, டி.பி.எஃப்., டி.இ.எஃப். பம்பும் சென்சாரும், ஏ.பி.எஸ்., இ.சி.யூ. வயரிங். வெளியில் ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் இப்போது நிறைய. அவர்களில் சிலர் அந்தக் கோளாறு எண்ணை (கோட்) அழித்து விளக்கை அணைத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கோளாறு அப்படியே இருக்கும். கோட் எண் என்ன என்று எழுதி வாங்காமல் அழிக்க விடாதீர்கள். டி.பி.எஃப்.பை உடைத்து எடுத்து, சாஃப்ட்வேரில் ஏமாற்றிவிடலாம் என்று ஆசை காட்டுபவர்களும் உண்டு. அது சட்டப்படி தப்பு, வாரண்டியும் போகும், எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையிலும் மாட்டும்.

ஐந்தாவது படி: தினசரி பத்து நிமிடம்

வண்டியை எடுக்கும் முன் டிரைவர் ஒரு சுற்று வர வேண்டும். தரையில் ஒழுகல் இருக்கிறதா, டயருக்கு நடுவே கல் சிக்கியிருக்கிறதா, நட்டைச் சுற்றித் துருக்கோடு இருக்கிறதா? நட்டிலிருந்து துரு வழிந்த கோடு தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஏர் டேங்கின் வடிகாலை இழுத்துவிட்டால் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரில் எண்ணெய் கலந்து வந்தால் கம்ப்ரசர் ஆயில் தள்ளுகிறது, ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜும் சீக்கிரம் போகும். வாட்டர் செப்பரேட்டரில் தேங்கிய தண்ணீரை இறக்குங்கள். பழக்கமில்லாத பங்கில் டீசல் போட்ட மறுநாள் இது ரொம்ப முக்கியம்.

டிப் ஸ்டிக்கைச் சமதரையில், எஞ்சின் நின்று பத்து பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் குறைந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். கூடினால் "நல்லதுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். ஊற்றாமலே ஆயில் அளவு ஏறுகிறது என்றால் டீசலோ கூலன்டோ உள்ளே இறங்குகிறது. பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. நீர்த்துப்போய் டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டரையோ, பாதியில் நிற்கும் ரீஜெனரேஷனையோ (டி.பி.எஃப்.பில் சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பது) பார்க்க வேண்டும். இரண்டுக்கும் வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் ஷோரூமைக் கூப்பிடுங்கள்.

டயர் காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளந்து பாருங்கள். ஓடி வந்த சூட்டில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் குறைவாக நிற்கும். கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டை ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்க வேண்டும். பஞ்சர் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள். லாக் ரிங் வைத்த பழைய வகை ரிம்முக்கு வீட்டில் காற்றேற்றாதீர்கள். ரிங் தெறித்தால் ஆள் உயிர் போகும்.

ஆறாவது படி: கிரீஸ்

சொந்தப் பராமரிப்பில் ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்பவர் இதைச் செய்யட்டும். சர்வீஸ் சென்டரில் கிரீஸ் அடித்ததாக ஜாப் கார்டில் டிக் இருக்கும், நிப்பிளின் மேல் பழைய மண் அப்படியே காய்ந்திருக்கும். என் வண்டியிலேயே பார்த்திருக்கிறேன்.

முதலில் நிப்பிளைத் துணியால் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறீர்கள். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கிப் புதிய நிறம் தெரியும் வரை அடிக்க வேண்டும். யு.ஜே. கிராஸில் நான்கு கப்பிலும் கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும், மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் அந்த ஒன்றுதான் முதலில் போகும். கிங்பின்னுக்கு முன் ஆக்சிலை ஜாக்கி போட்டுத் தூக்கி, பாரம் இறங்கிய பிறகு அடித்தால்தான் கீழ்ப்பக்கம் வரை போய்ச் சேரும். ஷேக்கிள் பின், ஸ்லிப் ஜாயின்ட், பிரேக் கேம் ஷாஃப்ட், பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் இவற்றை விட்டுவிடாதீர்கள். கேம் ஷாஃப்டில் மட்டும் அளவோடு நிறுத்துங்கள், அதிகமானால் லைனிங்கில் கிரீஸ் ஏறிப் பிரேக் பிடிக்காது. வாட்டர் வாஷுக்குப் பிறகும் மழைக்காலத்திலும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தானாகவே சரிசெய்துகொள்ளும் ஸ்லாக் அட்ஜஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் தளர்கிறது என்று அடிக்கடி ஸ்பேனர் போட்டுத் திருகக் கூடாது. அது தானாக இறுகவில்லை என்றால் அட்ஜஸ்டரிலோ பிரேக்கிலோ கோளாறு இருக்கிறது, கையால் திருகி அதை மறைக்கிறோம்.

ஏழாவது படி: ஆயில் சர்வீஸைச் சொந்தமாகச் செய்வது

இடம் முதலில். சமமான, கெட்டியான தரை. சக்கரத்துக்குக் கட்டை. ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான். டிப்பராக இருந்தால் தூக்கிய பாடிக்கு முட்டுக் கொடுக்காமல் தலையை நீட்டக் கூடாது.

ஆயில் கிரேடு பற்றி ஒரு வார்த்தை. டி.பி.எஃப். உள்ள பி.எஸ்.6 வண்டிக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். சி.கே.-4 வகை பெரும்பாலும் இதற்குச் சொல்லப்படுகிறது. பழைய வண்டிக்கு ஊற்றும் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று இதில் ஊற்றினால், எரிந்த ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். கரியை எரித்துவிடலாம், சாம்பல் எரியாது. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை, பில்லோடு, அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். காலி பக்கெட்டைப் பழைய சாமான்காரருக்குப் போடும் முன் ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் அந்த பக்கெட்டில்தான் திரும்பி வருகிறது.

எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்போது வடியுங்கள். அடியில் இருக்கும் கசடு சேர்ந்து இறங்க நேரம் கொடுங்கள். வடிகால் போல்ட்டில் ஒட்டியிருக்கும் துகளை விரலில் தேய்த்துப் பாருங்கள்: மாவு போல இருந்தால் சாதாரணத் தேய்மானம், செதில் செதிலாக இருந்தால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாஷரைப் புதிதாகப் போடுங்கள். புதிய ஆயில் ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி, கையால் ஒட்டும் வரை திருகி, பிறகு ஃபில்டரின் மேல் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பழைய ஃபில்டரின் ரப்பர் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது உண்டு. ஒன்றின் மேல் ஒன்று போட்டு ஓட்டி, பத்து கிலோமீட்டரில் ஆயில் முழுவதையும் சாலையில் கொட்டியவர்கள் இருக்கிறார்கள்.

டீசல் ஃபில்டர் மாற்றும்போது, பழைய வண்டிப் பழக்கத்தில் அதில் டீசலை ஊற்றி நிரப்பி மாட்டக் கூடாது. நேராக ஊற்றும் டீசல் வடிகட்டாமல் சுத்தமான பக்கத்துக்குப் போய் இன்ஜெக்டரை அரித்துவிடும். காலியாக மாட்டிவிட்டுக் கைப் பம்பால் ஏற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது ஹை பிரஷர் பைப் நட்டைத் தளர்த்திக் காற்றெடுக்கும் பழைய வித்தையைக் காமன் ரெயிலில் செய்யவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

ஏர் ஃபில்டரைக் கம்ப்ரசர் காற்றால் ஊதி ஊதிப் போடுவதில் நம்மவர்களுக்குத் தனிப் பிரியம். வேகமாக ஊதினால் பேப்பர் நுண்ணியதாகக் கிழியும், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் இரண்டாவது சிறிய எலிமென்ட்டை ஊதவே கூடாது, மாற்ற மட்டும்தான். இண்டிகேட்டரில் சிவப்பு வந்தால் மாற்றுங்கள். கல்குவாரி, சிமெண்ட் லோடு ஓட்டுபவர்கள் புத்தகத்தின் கிலோமீட்டரை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டார்ட் செய்ததும் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். ஆயில் விளக்கு அணைந்து, டர்போ வரை ஆயில் போய்ச் சேரட்டும். வடித்த பழைய ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல், பதிவு பெற்ற மறுசுழற்சிக்காரருக்குக் கொடுங்கள்.

எட்டாவது படி: டி.இ.எஃப். விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

டி.இ.எஃப். என்பது 32.5 சதவீத யூரியாவும் மீதி தாதுநீக்கிய தண்ணீரும். உர மூட்டை யூரியாவைக் கேன் தண்ணீரில் கரைத்தால் அதுவும் இதுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உர யூரியாவில் இருக்கும் மற்றப் பொருள்கள் தெளிப்பானை அடைத்து, கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். மாற்றும் செலவில் பல வருடத்து டி.இ.எஃப். வாங்கலாம். அடர்த்தி பார்க்கும் சின்ன ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்றை வாங்கி வைத்தால், சந்தேகமான கேனை ஊற்றும் முன் சோதித்துவிடலாம். கேனை வெயிலில் கேபின் மேல் கட்டிப் போகாதீர்கள். டீசல் ஊற்றிய புனலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டேங்க் மாறி ஊற்றிவிட்டால் சாவியையே போடாமல், முதலில் முழுவதும் வடித்து எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

ரீஜெனரேஷன் விளக்கு எரிந்தால் டிரைவர் அதைத் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்தி வைத்துச் செய்யும்போது புகைக்குழாய் கடுமையாகச் சூடேறும். வைக்கோல், காய்ந்த புல், கரும்புச் சோகை கிடக்கும் இடத்தில் அதைச் செய்யாதீர்கள்.

ஒன்பதாவது படி: ஷோரூமில் விடும்போது

வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்கு வராதீர்கள், குறைந்தது முதல் ஒரு மணி நேரம் நில்லுங்கள். குறையை "இழுவை இல்லை" என்று எழுதாமல், "லோடோடு மேட்டில், நான்காவது கியரில், விளக்கு எரிந்த பிறகு இழுவை குறைகிறது" என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். மதிப்பீட்டுத் தொகையை வாங்குங்கள். அதற்கு மேல் எந்த வேலை என்றாலும் போன் செய்து கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்று கார்டிலேயே குறிக்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேளுங்கள். வாரண்டியில் மாற்றியவற்றை அவர்கள் வைத்துக்கொள்வார்கள், காசு கொடுத்து மாற்றியவை உங்களுடையவை. ஒரு முறை கிளட்ச் சிலிண்டர் மாற்றியதாகப் பில் வந்தது. பழையதைக் கேட்டதும் கவுண்டரில் அமைதியாகிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் அந்த வரி பில்லிலிருந்து காணாமல் போனது.

பத்தாவது படி: ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், என்ன வேலை, எந்த ஆயில், எத்தனை லிட்டர், பில் எண், எத்தனை மணி நேரம் ஹால்ட். ஆயில் பக்கெட்டின் பேட்ச் எண்ணையும் ஃபில்டர் டப்பாவையும் போட்டோ எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும்போது இந்த நோட்டைக் காட்டினால் பேரத்தில் பேச்சே வேறு மாதிரி போகும்.

வருடத்துக்கு ஒரு முறை, வாரண்டி முடியும் மாதத்திலும், நோட்டை எடுத்து மொத்தச் செலவை ஓடிய கிலோமீட்டரால் வகுத்துப் பாருங்கள். எட்டு வருடம் வரை எஃப்.சி. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம். பழைய வண்டிக்குப் பிரேக், ஹப், பிளேட், பெயின்ட் எல்லாவற்றையும் எஃப்.சி.க்கு நிறுத்தும் அந்த ஒரு ஹால்ட்டிலேயே முடித்துவிடுவது என் வழக்கம். புதிய வண்டியின் வாரண்டி முடிந்ததும் எஞ்சின் ஆயில் வேலை மட்டும் என் இடத்துக்கு வரும். ஸ்கேனர் வேலைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கும்.